வாய்க்காலில் நிற்கும் விரல்நீள மீன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மல்புலுட்டா என்னும் சின்னஞ்சிறு நன்னீர் மீனைப் பற்றி ஒரு குறிப்பும் படமும் வெளியாகியிருந்தன. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் அது. அழிவாபத்தில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் இருக்கிறது. அதையொட்டி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் வளவுக்குப் பின்னால் மாரிக்கு ஓடும் வாய்க்காலில், கரைப் புல்லுக்கு அடியில் மண்ணிறத்தில் விரல் நீள மீன் அசையாமல் நிற்கிறது. வால் கூராக நீண்டிருக்கிறது. நீங்கள் போட்ட படம் போலவே இருக்கிறது. இது மல்புலுட்டாதானா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

இல்லை. ஆனால் உறவுக்கார மீன்தான். சிங்களத்தில் 'மல்' என்றால் பூ. 'புலுட்டா' என்பது நீங்கள் பார்த்த மீனுக்கு வழங்கும் பெயர். அதைவிடப் பூப்போல அழகான துடுப்புகள் உள்ளதால் மற்றது மல்புலுட்டா ஆயிற்று. விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1937இல் அதை விவரித்தபோது அந்த உள்ளூர்ப் பெயரையே பேரினப் பெயராக வைத்தார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை இந்த ஒரே இனம்தான் இருக்கிறது.

பிரித்தறிய ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மீனைக் கையால் பிடிக்காமல் நீரோடு சேர்த்து முகந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். உங்கள் வாய்க்கால் மீனின் உடல் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். வாலின் நடுக்கதிர் மட்டும் ஈட்டி முனை போல வெளியே நீளும். வயிற்றுத் துடுப்பின் முன்கதிர் மெல்லிய இழையாகத் தொங்கும். முட்டையிடும் வேளையில் ஆணின் வயிற்றுப் பக்கம் சிவக்கும், பெண் கறுத்துவிடும். பலர் இவற்றை இரண்டு வெவ்வேறு மீன்கள் என்று எண்ணிக்கொள்வது அதனால்தான்.

மல்புலுட்டாவின் உடலில் கபில நிறத்தின்மேல் ஒழுங்கற்ற கருந்திட்டுகள் சிதறிக் கிடக்கும். ஆணின் முதுகுத் துடுப்பும் வாலும் நீண்டு கூர்ந்திருக்கும், அவற்றின் ஓரம் வெளிர்நீலமாகத் தெரியும். வால் நீட்சியை விட்டுவிட்டால் உடல் 4 சென்ரிமீற்றர் அளவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இடமே பாதி விடை சொல்லிவிடும். மல்புலுட்டா நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்து மீன். மட்டக்களப்பு வாய்க்காலில் அது இருக்காது.

அதற்காக உங்கள் மீனைக் குறைவாக எண்ண வேண்டாம். அது இன்னும் பரவலாக இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே, அதே புல்லின் அடியில் விடுங்கள். பத்து மீற்றர் தள்ளி வெயில் விழும் இடத்தில் விட்டால், மறைவு தேடி அலையும் நேரத்தில் கொக்குக்கோ குருட்டுக்கொக்குக்கோ இரையாகும்.

இவ்வளவு சிறிய மீனுக்கு ஒரு பானைத் தண்ணீர் போதுமே. ஏன் தென்மேற்கில் மட்டும் இருக்கிறது? ஏன் அழிகிறது? (உயர்தர மாணவி, ஆலையடிவேம்பு)

மீனின் அளவை வைத்து அதற்கு வேண்டியதைக் கணிக்க முடியாது. மல்புலுட்டா வாழும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். காலி மாவட்டத்துக் கொட்டாவைக் காடு அதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று. அங்கே காட்டு ஓடை முழங்காலுக்கும் குறைவான ஆழம். நீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வது கடினம். மேலே மரங்கள் மூடியிருப்பதால் நடுப்பகலிலும் அரையிருட்டு. அடியில் மண் தெரியாது. உதிர்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நீர் தெளிவாக, வெறுந்தேயிலைச் சாயத்தில் இருக்கும். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்த மென்னீர், சற்று அமிலத் தன்மையுடையது. வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் நிற்கும்.

அந்த இலைப் படுக்கைதான் மீனின் வீடு. மேல் இலைகளுக்கு இடையே ஒளியலாம். நடு அடுக்கில் நீர்ப்பூச்சிகளும் புழுக்களும் வாழ்கின்றன, அவை உணவு. இலையிலிருந்து கரையும் சாயம் நீரைச் சற்று அமிலமாக்கி, முட்டையில் பூஞ்சணம் பிடிப்பதைத் தணிக்கிறது. நீர்மட்டத்தில் ஒரு அகன்ற இலை சாய்ந்து கிடந்தால் அதன் அடியில் ஆண் மீன் வாயால் குமிழிகளை ஊதி ஒட்டிக் கூடு கட்டும். முட்டைகள் அந்தக் குமிழிக் கூட்டில் இருக்கும், ஆண் காவல் நிற்கும். சுமார் இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். இன்னும் சில நாள் கழித்துத்தான் குஞ்சுகள் தாமாக நீந்தும்.

இனி ஓடைக்கு மேலே உள்ள மரத்தை மட்டும் வெட்டுங்கள், ஓடையில் கை வைக்கவே வேண்டாம். முதல் மழைக்கு மேட்டு மண் கரைந்து வரும். வண்டல் இலைப் படுக்கையின்மேல் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடும். வெயில் விழுவதால் நீர் சூடேறும், பாசி பிடிக்கும். புதிய இலை உதிராது, இருந்த இலை உக்கிப் போகும். கூடு கட்ட இலை இல்லை, ஒளிய இடம் இல்லை, தின்னப் பூச்சி இல்லை. நஞ்சு ஒரு துளியும் கலக்காமல், யாரும் வலை வீசாமல், ஓரிரு வருடத்தில் அந்த ஓடையில் மீன் முடிந்துவிடும். தென்மேற்குத் தாழ்நிலக் காடுகள் தோட்டங்களும் வீடுகளுமாகத் துண்டுபட்டதால், ஓர் ஓடையில் அழிந்தால் அடுத்த ஓடையிலிருந்து வந்து சேர வழியும் இல்லாமற் போயிற்று.

எங்கள் பக்கம் உன்னிச்சைக்கு மேலே காடு இருக்கிறதே. அங்கு கொண்டுவந்து விட்டால் இனம் தப்பாதா? (வாசகர், வவுணதீவு)

நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் அது நடக்காது. ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதுவும் இரண்டு பருவங்களிலும் பகிர்ந்து பெய்யும். நமக்கு அதைவிட மிகக் குறைவு, அதில் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் நமது காட்டு ஓடைகள் துண்டு துண்டான மடுக்களாகச் சுருங்கும். அந்த மடுவில் வெயில் சூடும் விராலும் சுங்கானும் நெருக்கமாக இருக்கும். நம் ஊர் மீன்கள் அதைத் தாங்கப் பழகியவை. மல்புலுட்டா தாங்காது. அதோடு, ஓரிடத்து மீனை இன்னோரிடத்தில் விடும்போது நோயும் ஒட்டுண்ணியும் கூடவே வரும். இடம் மாற்றிக் காப்பது துறைசார் ஆய்வுக்குப் பின் அதிகாரமுள்ளவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

வீட்டுத் தொட்டியில் இந்த மீனை வளர்க்க ஆசை. கிணற்று நீர் சரிவருமா? எப்படிக் குஞ்சு பொரிக்க வைப்பது? (வாசகர், கல்முனை)

மல்புலுட்டா சட்டப் பாதுகாப்புள்ள மீன். காட்டிலிருந்து பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் தடை. யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்க வேண்டாம். வாங்குகிறவர் இருக்கும்வரைதான் பிடிக்கிறவரும் இருப்பார்.

ஆனால் முதற் கேள்வியில் சொன்ன நமது வாய்க்கால் புலுட்டாவில் ஒரு சோடியை வளர்த்துப் பாருங்கள். குமிழிக் கூடு, தந்தை காவல், இலைக்கடியில் வாழ்வு எல்லாம் அங்கேயும் உண்டு. ஒரு சோடிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

தொட்டி 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம் இருந்தால் போதும். நீரை 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் விடுங்கள். ஆழம் கூடினால் குஞ்சுகள் மேலே வந்து காற்றெடுக்கச் சிரமப்படும். கல்முனை மணற்கிணற்று நீர் பல இடங்களில் உவர் கலந்தும் கடினமாகவும் இருக்கும். அதை அப்படியே விடாமல், மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் சேருங்கள். தனி மழைநீர் வேண்டாம். அதில் அமிலத்தைச் சமன்படுத்தும் உப்புகள் இல்லாததால், சில வாரத்தில் தொட்டி நீர் திடீரெனப் புளித்து மீன் சாகும். கூரையிலிருந்து பிடிப்பதானால் மழை தொடங்கி முதற் கால் மணி நேரத்து நீரை ஓடவிட்டுவிடுங்கள். புதுத் தகரக் கூரை நீரைத் தவிருங்கள், அதில் நாகம் கரையும். குழாய் நீரானால் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரீன் போனபின் விடுங்கள்.

அடியில் கழுவிய ஆற்றுமணல் இரண்டு விரல்கடை. மரத்திலேயே பழுத்துக் காய்ந்து விழுந்த கொட்டங்காய் இலை இரண்டு மூன்று. பச்சை இலை போட்டால் அழுகி நீர் நாறும். ஒரு இலையை நீர்மட்டத்தில் மிதக்கும்படி விடுங்கள், கூடு பெரும்பாலும் அதன் அடியில்தான் வரும். காற்றுக் குமிழி விடும் மோட்டார் தேவையில்லை. அது நீரைக் கலக்கிக் கூட்டை உடைத்துவிடும். இந்த மீன்களுக்குச் செவுளின் மேலே காற்றைச் சுவாசிக்கும் ஒரு சிக்கலான உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு மிடறு காற்றை எடுத்துப் போகும்.

மூடி கட்டாயம். இடைவெளி விரல் நுழையும் அளவு இருந்தாலும் இரவில் துள்ளி வெளியே விழும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீன்தான் இந்த வளர்ப்பில் அடிக்கடி நேரும் இழப்பு. மூடி இருந்தால் நீருக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக ஈரமாக இருக்கும், குஞ்சுகளின் காற்றுறுப்பு வளரும் வாரங்களில் அது முக்கியம்.

உணவுக்கு நுளம்புக் குடம்பிகள். நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வெறும் உருண்டைத் தீனியைப் பலவேளை தொடாது. அது அடியில் கிடந்து அழுகும். முட்டை இந்த இனத்தில் மூழ்கும். பெற்றோர் வாயால் பொறுக்கி மேலே கூட்டில் ஒட்டும், அந்நேரம் தொட்டியைத் தட்டாதீர்கள். கலவரப்பட்டால் முட்டையைத் தின்றுவிடும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் வாரம் குஞ்சுக்குக் குடம்பி பெரிது. ஒரு போத்தல் குள நீரில் வாழைப்பழத் தோல் சிறு துண்டைப் போட்டு நாலைந்து நாள் வெளிச்சத்தில் வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். நீர் முதலில் பால்போலக் கலங்கிப் பின் தெளியும். தெளிந்த அந்த நீரில் ஒரு தேக்கரண்டி, நாளுக்கு மூன்று முறை. இரண்டாம் வாரத்திலிருந்து மெல்லிய சீலையில் வடித்த நீர்த்தெள்ளுக் குஞ்சுகள். பெரும்பாலானோரின் குஞ்சுகள் சாவது இந்த முதல் வாரத்தில், பசியால்.

கடைசியில், மிஞ்சிய குஞ்சுகளை வாய்க்காலில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி நோய் வாய்க்காலுக்குப் போகும். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

கிணற்றில் நுளம்பு பெருகாமல் இருக்கக் கப்பி மீன் விட்டிருக்கிறோம். இதனால் உள்ளூர் மீனுக்குக் கேடா? (வாசகி, நிந்தவூர்)

கட்டுக் கிணற்றுக்குள் இருக்கும்வரை கேடில்லை. வெள்ளத்தில் கிணறு நிரம்பி வழிந்து தோணாவுக்குப் போகும்போதுதான் கேடு. கப்பி தென்னமெரிக்க மீன். குட்டி போடும், மாதம் ஒரு தடவை கூடப் போடும். நம் சிறு மீன்களின் முட்டையையும் பொரித்த குஞ்சையும் தின்னும்.

நம்மிடமே இதற்கு ஒரு மீன் உண்டு. நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மினுங்கும், 4 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் அந்தப் பொட்டுத்தான் முதலில் தெரியும். வாயும் மேல்நோக்கி இருப்பதால் நுளம்புக் குடம்பியைப் பிடிப்பதற்கென்றே அமைந்த மீன். உங்கள் ஊர் வாய்க்காலிலேயே பிடித்து ஆறு எட்டு மீன் விட்டால் ஒரு வீட்டுக் கிணற்றுக்குப் போதும். வெள்ளத்துக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரீன் இட்டிருந்தால் மீனெல்லாம் செத்துவிடும். மணம் முற்றாகப் போனபின் ஒரு வாளி நீரில் இரண்டு மீனை ஒரு நாள் விட்டுப் பார்த்து, உயிரோடிருந்தால் மற்றவற்றை விடுங்கள்.

குடிநீர்க் கிணறானால் மீன் விடுவதைவிட, ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையால் வாயை இறுக மூடுவது மேல். இலங்கை மலேரியாவை ஒழித்த நாடாக 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. கிணறுகளில் பெருகக்கூடிய நகர மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டதும் அதே காலப்பகுதியில்தான். ஆகவே கிணற்றைத் திறந்தபடி விட வேண்டாம்.

வட்டையில் மருந்தடித்த மறுநாள் வாய்க்கால் மீன் மிதக்கிறது. சில நாளில் மருந்தடிக்காமலும் மிதக்கிறது. காரணம் என்ன? பயிரையும் விட முடியாது, மீன் சாவதையும் பார்க்க முடியவில்லை. (விவசாயி, சம்மாந்துறை)

உங்கள் கேள்வியிலேயே இரண்டு வெவ்வேறு சாவுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்தால்தான் வழி தெரியும்.

விடியற்காலை ஐந்து ஆறு மணிக்கு மீன் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கிறதா, வெயில் ஏறியதும் சில தேறிக்கொள்கின்றனவா? செத்தவை கெண்டை வகைகளாகவும் உயிரோடிருப்பவை விரால், குறட்டை, பனையேறி, புலுட்டா போலக் காற்றைச் சுவாசிக்கும் மீன்களாகவும் இருக்கின்றனவா? அப்படியானால் ஒட்சிசன் குறைவு. பாசியும் நீர்த்தாவரமும் பகலில் ஒட்சிசன் தரும், இரவில் தாமே உறிஞ்சும். ஆகவே விடியலில்தான் நீர் மூச்சடைக்கும். களைநாசினி அடித்துச் செத்த புல்லும் ஆற்றுவாழையும் வாய்க்காலில் கிடந்து அழுகினால் இது இன்னும் மோசமாகும்.

எந்த நேரமும், எல்லா வகையும் சாகிறதா? மீனுக்கு முன்னே இறாலும் நீர்ப்பூச்சியும் புரண்டு துடிக்கின்றனவா? காற்றெடுக்கும் மீனும் சேர்ந்து சாகிறதா? அது நஞ்சு. பைரித்ரோயிட் வகைப் பூச்சிநாசினிகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை என்று விற்கப்படுகின்றன. மீனுக்கும் இறாலுக்கும் அவை மிகச் சிறு அளவிலேயே கொல்லும் நஞ்சு. போத்தல் உறையில் மீன் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், வேறு மருந்து உண்டா என்று விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

ஒட்சிசன் குறைவுக்கு: வெட்டிய களையை வாய்க்காலில் தள்ளாமல் வரம்பில் ஏற்றுங்கள். ஆற்றுவாழைக்கு நாசினி அடிக்க வேண்டாம், வாரி எடுத்துக் குவித்தால் பசளையாகும். முழுவதையும் ஒரே நாளில் வாராமல் கரையோரத்தில் ஒரு முழ அகலத்தை விட்டுவிடுங்கள். குஞ்சுகள் நிற்பது அங்கேதான்.

நஞ்சுக்கு: மருந்தடிக்க முன் வக்கடையை (வரம்பில் நீர் வெளியேறும் வாயை) இறுக அடைத்து, அடித்தபின் ஏழு நாள்வரை நீரை வெளியே விடாமல் வயலிலேயே நிறுத்துங்கள். மழை இருட்டிக் கிடக்கும் நாளில் அடிக்காதீர்கள். அரை மணி நேரக் கனமழை முழு மருந்தையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும், பூச்சியும் சாகாது, காசும் போகும். தெளிகருவியை வாய்க்காலில் கழுவுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஒரு 16 லீற்றர் தாங்கியின் அடியில் மிஞ்சிய மருந்து ஓடாத வாய்க்காலின் நீண்ட துண்டையே வெறுமையாக்கும். ஒரு வாளி நீர் எடுத்து மூன்று முறை கழுவி, அதை அடித்த வயலுக்கே ஊற்றுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யலாம், அதற்கு ஒரு நாள் கூலிதான் செலவு. வயலின் தாழ்ந்த மூலையில் ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், முழங்காலுக்கு மேல் ஆழமாக ஒரு கிடங்கு வெட்டி, வயலிலிருந்து ஒரு சாண் அகலக் கான் ஒன்றை அதற்கு இறக்குங்கள். மேலே பாதிக்குத் தென்னோலை போடுங்கள், நிழலுமாகும், கொக்குக்கு மறைவுமாகும். மருந்தடிக்க இரண்டு நாள் முன்னதாக வயல் நீரைச் சிறுகச் சிறுக இறக்கினால் மீன் கானால் கிடங்குக்குப் போய்விடும். பிறகு கானை மண்ணால் அடைத்துவிட்டு அடியுங்கள். ஒரேயடியாக நீரை இறக்கினால் மீன் நடு வயலில் சேற்றில் மாட்டிக்கொள்ளும். சிறுபோக அறுவடைக்கு நீர் வற்றும்போதும் அதே கிடங்குதான் புகலிடம். மாரி வெள்ளம் வந்ததும் வட்டைக்கே குஞ்சு கொடுப்பது அதில் தப்பிய மீன்கள்தான். வட்டையின் நீர்ப் பொறுப்பாளரான வட்டவிதானையோடு பேசி வாய்க்கால் ஓரம் நாலைந்து வயலுக்கு ஒன்றாக வெட்டினால் பலன் கூடும்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் மீன் வாழ்ந்ததாக ஒரு கதை கேட்டேன். உண்மையா? (வாசகர், வாகரை)

கதையல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியென் விவரித்த இரண்டு சிறு மீன்கள் கன்னியாவில் பிடிக்கப்பட்டவை. ஒன்று மணலில் புதையும் அயிரை வகை, மற்றது மேல்மட்டத்தில் துள்ளும் மெல்லிய வெள்ளி மீன். அறிவியற் பெயரிலேயே இரண்டுக்கும் வெப்பத்தைக் குறிக்கும் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் இரண்டும் சாதாரண ஓடை, வயல், குளத்து மீன்கள், கிழக்கிலும் உண்டு. அந்த அயிரைக்கு நெருங்கிய இனம் ஒன்று ஈரவலய ஓடைகளில் மட்டும் இருக்கிறது. நிழலும் இலைச் சேறும் உள்ள தெளிந்த ஓடை அதற்கும் வேண்டும். மல்புலுட்டாவைப் போலவே அதுவும் ஆபத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சலித்துவிட்ட தொட்டி மீன்களை வாவியில் அல்லது குளத்தில் விடலாமா? கொல்ல மனம் வரவில்லை. (வாசகி, ஏறாவூர்)

விடக்கூடாது. நாம் இன்று 'யப்பான் மீன்' என்று வாங்கிச் சமைக்கும் திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம் இல்லை. அது வயிற்றை நிரப்பியது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி கழுவும் 'டாங் கிளீனர்' மீனால் அந்தப் பயனும் இல்லை. வலையைக் கிழிக்கும், கரையைத் துளைக்கும், பெருகும்.

முதலில் வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். பாடசாலைத் தொட்டிக்கும் கொடுக்கலாம். வழியே இல்லை என்றால் நோகாமல் முடிக்க ஒரு முறை உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் கராம்பு எண்ணெயில், லீற்றருக்கு அரை மில்லிலீற்றர் கணக்கில் எடுத்து, இளஞ்சூட்டு நீர் உள்ள சிறு போத்தலில் விட்டுப் பால்நிறமாகும்வரை குலுக்கி, மீனுள்ள வாளியில் மெதுவாக ஊற்றுங்கள். மீன் மயங்கிச் சாயும். செவுள் அசைவு நின்றபின்னும் இருபது நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு புதையுங்கள். அந்த நீரை மரத்தடியில் ஊற்றுங்கள், கானில் வேண்டாம்.

எட்டாம் தரப் பிள்ளைகளோடு எங்கள் ஊர் வாய்க்காலின் சிறு மீன்களைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? (ஆசிரியை, கொக்கட்டிச்சோலை)

குளத்தில் இறங்க வேண்டாம். முதலை இருக்கும். அடி தெரியும், முழங்காலளவான வாய்க்காலில் 50 மீற்றரை அளந்து இரண்டு முனையிலும் தடி நடுங்கள். காலில் புண்ணுள்ள பிள்ளை நீரில் இறங்கக்கூடாது, வயல் நீரில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. மற்றவர்களுக்கும் சப்பாத்து வேண்டும். வனவிலங்குத் திணைக்களத்தின் காப்பிடமானால் அனுமதி இல்லாமல் வலை போட முடியாது.

காலை ஏழு மணி நல்ல நேரம். மீனைத் தொட முன், ஆழம், நீர் வெப்பம், அமிலத்தாள் காட்டும் அளவு, நிழல் எத்தனை பங்கு, அடியில் இலையா மணலா சேறா, கரையில் புல்லா கொங்கிறீற்றா என்று எழுதுங்கள். பிற்பாடு பயன்படப்போவது மீன் கணக்கைவிட இந்தக் குறிப்புகள்தான். பிறகு இரண்டு மில்லிமீற்றர் கண்ணுள்ள அத்தாங்கு ஒன்றால் கரைப் புல்லின் அடியில் இருபது தடவை முகக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை. இல்லாவிட்டால் ஒரு பதிவை அடுத்த பதிவோடு ஒப்பிட முடியாது. பிடித்ததை வாளி நிழலில் வைத்து, ஒவ்வொன்றாகச் சிறு கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றி, பின்னால் சென்ரிமீற்றர் அளவுகோலை ஒட்டிப் பக்கவாட்டில் படம் எடுங்கள். கை நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த விரல் பட்டால் மீனின் வழுவழுப்புப் படலம் கழன்று அங்கே பூஞ்சணம் பிடிக்கும். அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பி விடுங்கள்.

பெயர் தெரியாத மீனுக்கு ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம். 'தலையில் வெள்ளிப் பொட்டு', 'வாலடியில் கரும்புள்ளி' என்றே எழுதுங்கள், படம் இருந்தால் பெயரைப் பின்னால் கண்டுகொள்ளலாம். ஊரில் தூண்டில் போடும் முதியவர் ஒருவரைக் கூட அழையுங்கள். அவர் சொல்லும் பெயரையும், இப்போது காணாமற் போனதாகச் சொல்லும் மீனின் பெயரையும் அப்படியே பதியுங்கள்.

வருடத்தில் இரண்டு முறை போதும். வெள்ளம் வடிந்த மாசி, பங்குனியில் ஒன்று, மடுக்கள் சுருங்கிய ஆவணியில் ஒன்று. ஆவணிப் பதிவில் எந்த மடுவில் எந்த மீன் தப்பியிருக்கிறது என்பதைத் தனியே குறித்து, அந்த மடு எந்த மரத்தின் நிழலில் இருக்கிறது என்றும் எழுதி, பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். வாய்க்காலுக்குக் கொங்கிறீற்று இட, அல்லது கரை மருதமரத்தை வெட்ட யாராவது வரும்போது அந்தத் தாள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.